தற்கிழமையும் மூளையும்: உடலுடைமை உணர்வு பற்றிய ஆய்வின் வரலாறு

ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுத்துரைப்பது தமிழிலக்கண மரபு. ‘சாத்தனது வீடு’ என்பது பிறிதின்கிழமை. வீடு சாத்தனின் வேறானது. இன்று அவனுடையது, நாளை விற்றால் இன்னொருவனுடையது. ‘சாத்தனது கை’ என்பது தற்கிழமை. கை அவனின் வேறாகாதது. வீட்டுக்கும் காணிக்கும் உறுதி எழுதி உரிமையை நாட்டவேண்டியுள்ளது. கைக்கும் காலுக்கும் எவரும் உறுதி எழுதுவதில்லை. அவை தம்முடையன என்பதில் எவருக்கும் ஐயம் எழாமையே இதற்குக் காரணமாகும்.

ஆயின், இந்த ஐயமின்மை உறுப்போடு தானாக ஒட்டிப் பிறந்ததன்று. மூளை இடையறாது செய்துவரும் ஒரு தொழிலின் விளைவு என்பதை நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மருத்துவ வரலாறு படிப்படியாக வெளிப்படுத்தியுள்ளது. இவ்வரலாற்றில் ஆசிரியராக விளங்கியோர் பெரும்பாலும் நூலறிஞர் அல்லர். போரிற் காலிழந்த சிப்பாய்களும், பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடந்த முதியோருமே அவர்கள். அவர்கள் கூறியவை கேட்போருக்குப் பித்தர் பேச்சாகத் தோன்றின. அப்பேச்சைச் சான்றாக ஏற்க முன்வந்த வைத்தியர் சிலர் இருந்தமையினாலேயே இத்துறையில் அறிவு வளர்ந்தது. இதனை ஒருவாறு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லாத உறுப்பு

பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சிய மன்னரின் படைகளோடு சென்று பணியாற்றியவர் அம்புறுவாஸ் பரே என்னும் சத்திரவைத்தியர். துப்பாக்கிக் காயங்களிற் கொதியெண்ணெய் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு 1545ஆம் ஆண்டில் நூலெழுதியவர் இவரே. உறுப்பை நீக்கும்போது குருதிக்குழாய்களை நூலாற் கட்டும் முறையைப் பரவச் செய்தவரும் இவரே. இவர் தம் நோயாளரிடம் ஒரு புதுமையைக் கண்டார். கால் நீக்கப்பட்டு நெடுநாள் கழிந்த பின்னரும், இல்லாத அக்காலில் நோவு உண்டென அவர்கள் முறையிட்டனர். நம்பத்தகாததுபோலத் தோன்றும் இச்செய்தியைப் பரே மறைக்காது எழுதிவைத்தார். ஒரு சத்திரவைத்தியரின் குறிப்பேட்டிலே தொடங்கிய வினா, அடுத்த நூற்றாண்டில் மெய்யியலாளரின் மேசைக்குச் சென்றது.

1641ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ‘தியானங்கள்’ என்னும் நூலின் ஆறாம் பகுதியில் டேக்கார்ட் இதனை எடுத்தாண்டார். உறுப்பிழந்தோர் இல்லாத உறுப்பில் நோவை உணர்வராயின், வெளிப்புலன்கள் மட்டுமன்றி உட்புலன்களும் ஏமாற்றக்கூடியன என்பது அவர் கண்ட முடிபு. நரம்பை அவர் ஒரு கயிற்றுக்கு ஒப்பிட்டார். கயிற்றை அதன் நுனியில் இழுத்தாலும் நடுவில் இழுத்தாலும் மறுமுனையில் நிகழும் அசைவு ஒன்றே. அவ்வாறே, காலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இடையில் எங்கே தூண்டப்படினும், நோவு காலிலேயே உணரப்படும் என்றார். எனினும் அதே பகுதியில், கப்பலில் அமர்ந்திருக்கும் மாலுமியைப் போன்று தாம் உடலிற் குடியிருக்கவில்லை, உடலோடு நெருங்கிக் கலந்துள்ளோம் எனவும் அவர் வற்புறுத்தினார். நோவு எவ்வாறு எழுகின்றது என்பதற்குக் கயிற்று உவமை ஒருவாறு விடையளித்தது. அந்நோவுடைய கால் ‘எனது’ என எவ்வாறு உணரப்படுகின்றது என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

இவ்வினா மீண்டும் உயிர்பெற்றது ஒரு பெரும் போரினாலேயே. 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உள்நாட்டுப் போரில் எண்ணற்ற சிப்பாய்கள் கைகால்களை இழந்தனர். பிலடெல்பியா நகரில் நரம்புக் காயமுற்றோருக்கென அமைக்கப்பட்ட வைத்தியசாலையிற் பணியாற்றிய சைலஸ் வியர் மிச்செல், இவர்களின் கூற்றுக்களைப் பொறுமையுடன் கேட்டார். உறுப்பிழந்தோரில் மிகப் பெரும்பாலானோர் அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்ந்தனர். சிலருக்கு அது அசைந்தது. சிலருக்கு இறுகிய கைமுட்டியாய் நின்று வருத்தியது. காலம் செல்லச் செல்லச் சிலரது கை குறுகித் தோளருகே வந்து சேர்ந்தது.

மிச்செல் இதனை முதலில் மருத்துவ ஏட்டில் விரித்தெழுதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1866ஆம் ஆண்டில், ‘அட்லாண்டிக் மந்திலி’ என்னும் இலக்கிய இதழில், நான்கு உறுப்புக்களையும் இழந்த ஜோர்ஜ் டெட்லோ என்பவனின் கதையாகப் பெயர் குறிப்பிடாது வெளியிட்டார். தன் உடலின் பெரும்பகுதியை இழந்த அக்கதைமாந்தன், ‘நான்’ என்ற உணர்வும் தன்னிற் குறைந்துவிட்டதாகக் கூறுகிறான். வாசகர் பலர் கதையை உண்மையென நம்பி, இல்லாத அம்மனிதனுக்காகப் பணமும் சேர்த்தனர். 1871ஆம் ஆண்டிலேயே மிச்செல் தம் பெயருடன் ஒரு கட்டுரை எழுதி, இந்நிலைக்கு ‘மாயவுறுப்பு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். நோயாளர் நகைப்புக்கஞ்சி உண்மையை மறைத்ததுபோல, அவர்களின் வைத்தியரும் முதலிற் கதையின் திரைக்குள் நின்றே பேசவேண்டியிருந்தது எனலாம்.

மூளையில் எழுதப்பட்ட உடல்

உறுப்பு நீங்கியபின்னும் அதன் உணர்வு எஞ்சுமாயின், அவ்வுணர்வின் இருப்பிடம் யாது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வைத்தியர்களான ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் ஆகிய இருவரும் மூளை பழுதுற்ற நோயாளரை நுணுகி ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். தம் கை எந்நிலையில் உள்ளதென அறியாத சிலர், அதில் எவ்விடத்திலே தொடப்பட்டதென்பதைச் சரியாகக் கூறினர். இதிலிருந்து, உடலின் நிலையைக் கணந்தோறும் பதிந்து திருத்திக்கொள்ளும் ஒரு மாதிரியுரு மூளையில் உண்டென அவர்கள் கொண்டனர். இதுவே ‘உடற்சட்டகம்’ என்ற கருத்து. இச்சட்டகம் தோலோடு முடிவதில்லை என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். தொப்பியில் நீண்ட இறகு சூடிய பெண், அவ்விறகின் நுனிவரை தன் உடலாகக் கொண்டே வாயிலைக் கடக்கிறாள் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. பிறிதின்கிழமையாகிய இறகு, பழக்கத்தாற் தற்கிழமையின் எல்லைக்குள் நுழைந்துவிடுகின்றது.

கால் நூற்றாண்டின் பின், மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் இதற்கு ஓர் உறுதியான அடிப்படையைக் காட்டினார். வலிப்பு நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது, அவர்கள் விழித்திருக்கவே, மூளையின் மேற்பட்டையை மெல்லிய மின்னோட்டத்தால் ஆங்காங்கே தூண்டினார். ஓரிடத்தைத் தூண்டக் கையில் விறுவிறுப்பு உண்டாயிற்று. அடுத்த இடத்தைத் தூண்ட முகத்தில் உண்டாயிற்று. 1937ஆம் ஆண்டில் எட்வின் போல்ட்றேயுடன் இணைந்து அவர் வெளியிட்ட வரைபடத்தில், உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மேற்பட்டையில் இடமிருந்தது. உதடும் விரலும் பெருநிலம் பெற்றிருந்தன. முதுகும் தொடையும் சிறு துண்டுகளோடு அமைந்தன.

எனினும் இவ்வரைபடம் விடைகூறியது ‘எங்கே’ என்ற வினாவுக்கு மட்டுமே. கையில் விறுவிறுப்பு உண்டென நோயாளர் கூறினர். அக்கை தம்முடையது என்பது அவர்களின் கூற்றில் ஏற்கெனவே அடங்கியிருந்தது. ‘எவருடையது’ என்ற வினா எழுவதற்கு, அவ்வுணர்வே அழிந்துபோன நோயாளர் வேண்டப்பட்டனர்.

இருந்தும் தமதல்லாத உறுப்பு

அத்தகையோர் முன்னரே வைத்தியசாலைகளில் இருந்தனர். 1914ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பாரிஸ் நரம்பியற் கழகத்தில் ஜோசப் பபின்ஸ்கி, இடப்பக்கம் முழுவதும் செயலிழந்த நோயாளர் இருவரைப் பற்றி உரைத்தார். அவர்களின் பேச்சிலும் அறிவிலும் பெருங்குறை எதுவும் இல்லை. ஆயின், தம் இடக்கை அசையவில்லை என்பதை அவர்கள் அறியவில்லை. கையை உயர்த்துமாறு கேட்டபோது, வேறொருவரிடம் கேட்கப்பட்டதுபோல வாளாவிருந்தனர். தன் நோயைத் தான் அறியாத இந்நிலைக்கு அவர் ஒரு தனிப்பெயர் இட்டார். இத்தகையோருட் பெரும்பாலோருக்கு மூளையின் வலப் பாதியே பழுதுற்றிருந்தமை பின்னர் தெளிவாயிற்று.

இதனினும் வியப்பான நிலையொன்று உண்டு. வியன்னாவிற் பணியாற்றி, 1938ஆம் ஆண்டில் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஜோசப் கேர்ஸ்ட்மன், 1942ஆம் ஆண்டில் அதனை வேறுபிரித்துப் பெயரிட்டார். இந்நோயாளர் தம் இடக்கையைக் காண்பர். அது தம்முடையதன்று எனச் சாதிப்பர். வைத்தியருடையது, உறவினருடையது, யாரோ கட்டிலில் விட்டுச்சென்றது என்றெல்லாம் கூறுவர். தோளோடு அது இணைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினாலும் முடிபு மாறாது. தருக்கத்தால் அடைந்த முடிபாயின் தருக்கத்தால் அசைக்கலாம். இது அவ்வாறு அடைந்ததன்று.

இந்நிலை பற்றி இத்தாலிய ஆய்வாளர் செய்த இரு அவதானிப்புக்கள் மிகவும் பொருள் பொதிந்தவை. 1991ஆம் ஆண்டில் எடுவாடோ பிசியாக்கும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வில், கையை மறுத்துவந்த ஒரு பெண்ணின் இடக் காதிற் குளிர்நீர் செலுத்தப்பட்டது. உடற்சமநிலையை உணரும் உட்செவி இதனாற் தூண்டப்படும். சிறிது நேரத்தில் அப்பெண் அக்கை தன்னுடையதே என்றார். தூண்டலின் விளைவு நீங்கியதும் மீண்டும் மறுத்தார். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்விற் கூறப்பட்ட பெண், மறுத்த இடக்கையில் இருந்த மோதிரங்களையும் தம்முடையன அல்ல என்றார். அதே மோதிரங்களை வலக்கைக்கு மாற்றியபோது அவற்றை அடையாளங் கண்டு, அவற்றின் பழைய கதையையும் கூறினார். பிறிதின்கிழமை தற்கிழமையின் மேற்றான் நிற்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டலரிது. கையை இழந்தவருக்கு அக்கையின் மோதிரமும் இழப்பாயிற்று.

மாயவுறுப்பினையும் இந்நோயினையும் அருகருகே வைத்து நோக்கின் உண்மை புலனாகும். ஒன்றில் உறுப்பு இல்லை, உடைமையுணர்வு உண்டு. மற்றதில் உறுப்பு உண்டு, உடைமையுணர்வு இல்லை. ஆகவே உடைமையுணர்வு உறுப்பிலே தங்கியதன்று.

வைத்தியரே நோயாளரான ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. நரம்பியல் வைத்தியரான ஒலிவர் சாக்ஸ் 1974ஆம் ஆண்டில் நோர்வேயின் மலையொன்றில் விழுந்து இடக்காலிற் காயமுற்றார். சத்திரசிகிச்சையின் பின் அக்கால் தமக்கு முற்றிலும் அந்நியமாய்த் தோன்றியதை 1984ஆம் ஆண்டில் வெளியான நூலில் விரித்துரைத்தார். அவர் மூளையில் நோயில்லை. காலிலிருந்து செல்லவேண்டிய செய்தி தடைப்பட்டதே போதுமாயிற்று. தம் அனுபவத்தைச் சிகிச்சையளித்தவரிடம் கூறியபோது அது பொருட்படுத்தப்படவில்லை எனவும் அவர் எழுதியுள்ளார். வைத்தியரின் சொல்லுக்கே இந்நிலையெனின், ஏனையோரின் சொல் எவ்வாறு மதிக்கப்பட்டிருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே.

இறப்பர்க் கையும் கண்ணாடியும்

நோயாளரிடம் மட்டுமே காணப்பட்ட இவ்வுணர்வின் நெகிழ்ச்சியை உடல்நலமுள்ளோரிடமும் காட்டலாம் என்பதை 1998ஆம் ஆண்டில் மத்தியூ பொட்வினிக், ஜொனதன் கோஹென் ஆகிய இருவரும் நிறுவினர். அவர்களின் பரிசோதனை மிக எளியது. ஒருவரது இடக்கை மேசைமீது ஒரு மறைப்பின் பின்னே வைக்கப்பட்டது. அவர் கண்முன்னே இறப்பராலான ஓர் இடக்கை வைக்கப்பட்டது. இரண்டு சிறு தூரிகைகளால் இரு கைகளும் ஒரே வேளையில் வருடப்பட்டன. பத்து நிமிடத்தில், தூரிகையின் தொடுகையை இறப்பர்க் கை இருந்த இடத்திலேயே உணர்ந்ததாகவும், அது தம் கைபோன்றே தோன்றியதாகவும் பரிசோதிக்கப்பட்டோர் கூறினர். கண்ணை மூடி இடக்கை இருக்குமிடத்தைக் காட்டுமாறு கேட்டபோது, இறப்பர்க் கையின் பக்கமாகவே விலகிக் காட்டினர். வருடல்கள் ஒரே வேளையில் நிகழாவிடின் இம்மயக்கம் தளர்ந்தது.

2003ஆம் ஆண்டிற் காரி ஆர்மெல், வி. எஸ். இராமச்சந்திரன் ஆகியோர் செய்த பரிசோதனையிற் போலிக் கையின் விரல் பின்னோக்கி வளைக்கப்பட்டது. அதனைக் கண்டவரின் தோலில் வியர்வைச் சுரப்பைக் காட்டும் மின்மாற்றம் தோன்றியது. வாயால் ‘இது இறப்பர்’ எனக் கூறுவோரின் உடலே அதற்காக அஞ்சியது.

இவ்வேளையில் மூளையில் நிகழ்வது யாது? 2004ஆம் ஆண்டில் ஹென்றிக் ஏர்சனும் துணைவரும் காந்தப் படிமக் கருவியால் இதனை நோக்கினர். அசைவைத் திட்டமிடும் மேற்பட்டைப் பகுதியில் எழுச்சி காணப்பட்டது; மயக்கம் மிகுந்தோருக்கு அவ்வெழுச்சியும் மிகுந்திருந்தது. கண்ணின் செய்தி, தோலின் செய்தி, மூட்டுக்களின் செய்தி ஆகிய மூன்றும் அப்பகுதியிலும் அதனோடு இணைந்த சுவர்ச்சோணையிலும் கூடுகின்றன. மூன்றும் ஒத்துவரின் ‘எனது’ என்ற தீர்ப்பு எழுகின்றது. ஒன்று பொய்யுரைத்தாலும், மற்றையவை அதனோடு ஒத்துநிற்பின், பொய்யே தீர்ப்பாகின்றது.

இராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று பின் கலிபோர்னியா சென்றவர். தீர்ப்பு இவ்வாறு மாற்றத்தக்கதெனின் அதனை நோய் தீர்க்கவும் பயன்படுத்தலாம் என அவர் எண்ணினார். மாயக்கை இறுகிய முட்டியாய் நின்று நோவு தந்தோருக்கு, 1990களில், ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்திக் கொடுத்தார். எஞ்சிய கையை அதன்முன் விரிக்கும்போது, இழந்த இடத்தில் ஒரு கை விரிவதாகத் தோன்றும். சிலருக்கு அக்கணமே இறுக்கம் தளர்ந்தது. 2007ஆம் ஆண்டில் வோல்டர் றீட் இராணுவ வைத்தியசாலையிற் காலிழந்த சிப்பாய்களிடம் செய்த சிறு ஆய்வும் பயன் காட்டியது. எனினும் எல்லோருக்கும் இது ஒரே அளவிற் பயன்தருவதில்லை.

அமைப்பு எவ்வளவு கூறும்?

உடலுடைமைக்கு மூளையில் ஒரு தனியிடம் உண்டா என்ற வினாவுக்கு இன்று வரையும் முற்றான விடை கிட்டவில்லை. 2008ஆம் ஆண்டில் பேர்ண்ஹார்ட் பையரும் ஹான்ஸ் ஒற்றோ கார்ணாத்தும், கையை மறுக்கும் நோயாளரை ஆராய்ந்து, மேற்பட்டை மடிப்பினுள் மறைந்துள்ள ‘இன்சுலா’ என்னும் பகுதியின் வலப் பின்புறமே பெரிதும் பழுதுற்றிருப்பதாகக் காட்டினர். உடலின் உட்செய்திகள் சென்றடையும் பகுதி அதுவாகும். பின்வந்த ஆய்வுகள் ஆழத்திலுள்ள வேறு பகுதிகளையும் சுட்டியமையால், ஓரிடம் என்பதிலும் ஒரு வலையமைப்பு என்பதே பொருந்தும்.

இன்னொரு நிலையும் இவ்வினாவைக் கடினமாக்குகின்றது. நலமான கால் ஒன்று தமக்குரியதன்று என இளமை முதலே உணர்ந்து, அதனை நீக்குமாறு வேண்டுவோர் சிலர் உளர். 1990களின் இறுதியில் ஸ்கொத்லாந்தின் பால்கேர்க் நகரில் இருவருக்கு அவ்வாறு கால் நீக்கப்பட்ட செய்தி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. 2011, 2013ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், இத்தகையோரின் வலச் சுவர்ச்சோணையில் உணர்வெழுச்சியும் மேற்பட்டையின் தடிப்பும் மாறுபட்டிருப்பதைக் காட்டின. இதனைக் கொண்டு, மூளையமைப்பே காரணம் என முடித்தல் அவசர முடிபாகும். பல்லாண்டுகளாக ஒரு காலை அந்நியமாய் உணர்ந்தமையால் மூளை மாறியதா, மூளை மாறியிருந்தமையாற் கால் அந்நியமாயிற்றா என்பதை ஒரு படிமம் மட்டும் கூறமாட்டாது.

மாயவுறுப்பு நோவு பற்றிய விவாதமும் இவ்வெச்சரிக்கையையே தருகின்றது. 1995ஆம் ஆண்டில் ஹெர்ட்டா புளோரும் துணைவரும், மேற்பட்டையில் இழந்த கைக்குரிய நிலத்தை அயற்பகுதி கைப்பற்றும் அளவுக்கேற்ப நோவும் மிகுகின்றது என்றனர். 2013ஆம் ஆண்டிற் தமார் மக்கினும் துணைவரும், நோவு மிகுந்தோரிடம் இழந்த கையின் நிலம் அழியாது நிலைத்திருப்பதையே கண்டனர். வரைபடம் ஒன்றே, அதனை வாசிப்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர்.

ஆகவே மூளையமைப்பு பற்றிய அறிவு நோயாளரின் கூற்றை நம்புவதற்குத் துணைசெய்தது. அக்கூற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்ளவில்லை. பரே முதல் இன்றைய படிமக் கருவிவரை, முதற்சான்று ‘எனக்கு இவ்வாறு தோன்றுகின்றது’ என்ற ஒருவரது சொல்லாகவே இருந்துள்ளது. கருவி காட்டும் எழுச்சி எதற்குரியது என்பதை அறிவதற்கும் அச்சொல்லே வேண்டப்படுகின்றது.

இது தொலைநாட்டு வரலாறு மட்டுமன்று. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் நம் நாட்டிற் பலரைக் கையும் காலும் இழந்தோராக்கியுள்ளது. செயற்கைக் கால் அணிந்து வயலுக்கும் பள்ளிக்கும் செல்லும் ஒருவர், இல்லாத பாதம் இரவில் எரிகின்றது எனக் கூறின், அதனை மனப்பிராந்தி என ஒதுக்குவதற்கு இன்று எவருக்கும் நியாயமில்லை. மருத்துவம் பயில்வோர் அவரது உறுப்பின் தழும்பைப் பார்ப்பதோடு நில்லாது, அவர் கூறுவதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு குறித்துக்கொண்டவர்களாலேயே இங்கு நாம் கண்ட வரலாறு எழுதப்பட்டது.